டமால் வெல்டரின் குழாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் முருகனிடம், "இந்த மாதம் எழுதிவிடுகிறேன்" என்பேன். அடுத்த கிருத்திகை வந்துவிடும். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

ஓசூர்த் தொழிற்பேட்டை இயந்திரங்கள் அத்தனையும் சேர்ந்து போடாத சத்தத்தை ஒற்றை ஆளாகப் போட்டவர் எங்கள் லைன் வீட்டு டமால் வெல்டர். பெயர் என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. தபால்காரர்கூட, "டமால் உள்ள இருக்காரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார். அவருக்குத் தபால் இருக்காது. பயத்தில் கேட்பது.

அவர் அறை நடுவே மூன்று ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்று கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அடியில் சின்னக் கண்ணாடிச் சன்னல். மனிதர் குழாயைச் சுற்றி வளைந்துதான் படுப்பார்.

"உள்ள என்னதான் அண்ணாச்சி செய்யுதீக?" என்று ஒருநாள் கேட்டேன். ஊரில் யாருமே அதுவரை கேட்டதில்லை போலும், முகம் மலர்ந்துவிட்டது.

"அடியில வெல்டிங் கேஸு, கனமானது. மேல வெறும் காத்து. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு சும்மா கெடக்கும். நடுவுல இருக்கிற கோட்டுல சின்னச் சின்ன நெளிவு இருக்கும். மேலேருந்து டமால்னு ஒரு அதிர்ச்சி எறங்குச்சுன்னா, அந்த நெளிவு அடங்காதுங்க. வளரும். காளான் காளானா மொளைச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துரும். அப்புறம் எது கேஸு, எது காத்துன்னு பிரிக்க முடியாது."

"நம்ம ஓசூர் மாதிரி" என்றாள் என் மனைவி.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குழாய் பற்றவைத்தவர் அவர். அங்கிருந்த விஞ்ஞானிகள் சாப்பிடப் போயிருந்தபோது, கசிவு பார்க்கக் குழாயை ஒருமுறை ஓட்டினாராம். அப்போது பார்த்ததுதான் அந்தக் காளான்கள். சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவர் மனைவி உயிரோடிருந்தவரை கேட்டுச் சிரிக்கவாவது செய்தார். இப்போது சிரிக்கவும் ஆளில்லை.

"நான் ஒருத்தன் பாத்தா அது கனாங்க. இன்னொருத்தரு பாத்தாத்தான் நெசம்."

சிக்கல் என்னவென்றால், அவர் கூரையேறி, குழாயின் உச்சியில் காற்றடைத்த பகுதிக்கு அடியில் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாளை ஆணியால் குத்தி வெடிக்கவைக்க வேண்டும். அதே நொடியில் கீழே இன்னொருவர் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர்தான் கிடைக்கவில்லை. ஆளில்லாமலே ஓட்டிப் பார்த்த ஒருநாள், பேரிகை ஊரிலிருந்து வீட்டுக்காரர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். டமால்! காபி முழுக்க மாப்பிள்ளை சட்டையில். சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண் இன்றும் வெல்டருக்கு நன்றி சொல்கிறாள். அவள் அப்பா "ஏனப்பா இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் முடித்தார்: "ஞாயித்துக்கெழம காலி பண்ணு!"

மிச்சமிருந்தது ஒரே ஒரு தாள். வெல்டர் என் வாசலுக்கு வந்தார்.

"நீங்க சாத்தூருங்க. பட்டாசு ஊரு. டமால்னா கண்ணு சிமிட்ட மாட்டீங்க."

தலையாட்டிவிட்டேன். தீபாவளிகளைக் கட்டிலுக்கடியில் கழித்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

கேஸ் கண்ணுக்குத் தெரிய அதில் புகை கலக்க வேண்டுமாம். கொசுவத்தி, பீடி எதுவும் சரிப்படவில்லை என்றார். பூஜைச் சாம்பிராணியைக் கொடுத்தேன். ஞாயிறு மத்தியானம் சன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி அறையை இருட்டாக்கினோம். சத்தம் கேட்டதும் தானே மின்னுகிற விளக்கு ஒன்றும் பொருத்தியிருந்தார்.

கூரையிலிருந்து குரல்: "சாத்தூரு! கண்ண எடுக்காதீங்க!"

"எடுக்கல அண்ணாச்சி!"

இருட்டு. சாம்பிராணி வாசம். காத்திருப்பு. டமால்! பளீரென்று வெளிச்சம்.

என் கைகள் தாமாகக் குவிந்தன. வாய் "முருகா" என்றது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. மணிக்கணக்காக வரிசையில் நின்றுவிட்டு, தீபம் காட்டும் நொடியில் கண்ணை மூடிக்கொள்கிற நாற்பது வருடப் பழக்கம். திறந்தபோது கண்ணாடியில் வெறும் சாம்பல் மூட்டம்.

முழங்கால் சிராய்த்து ரத்தம் வர, இறங்கி ஓடி வந்தார்.

"பாத்தீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"பாத்தேன் அண்ணாச்சி."

"காளானு?"

"காளான் காளானா."

"எத்தினி?"

வாயில் வந்தது ஆறு. ஆறுமுகன் நினைப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் அன்னிக்கி ஆறுதாங்க எண்ணுனேன்" என்று சொல்லி அழுதார். முருகன் என்னைக் காப்பாற்றினாரா, மாட்டிவிட்டாரா, இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலையே கல்லாவிப் பக்கம் அக்கா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் அந்த மகன் போன் செய்தார். "மாமா போயிட்டாருங்க. ஓசூர்ல பாத்தவரு ஒருத்தரு இருக்காரு, அவரைக் கேளுங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

ஆகவே, இதை யாரிடமாவது சொல்வதானால் மாற்றாமல் சொல்லுங்கள். பார்த்தவர் அவர் ஒருவர்தான். காளான்கள் ஆறு. சாத்தூர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டான். பார்க்காமலே நம்புகிறான். அவனுக்குத் தெரிந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.