வாயாடிக்குப் பெயர் மாற்றிய வியாழக்கிழமை

ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை மணந்து உயர்ந்த மாடிகளுக்கெல்லாம் மகாராணியாகிவிட்ட என் அருமை மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமனும், உன் அப்பாவின் விசைப்படகில் சுக்கான் பிடிப்பவனும், ஏழு கடல் கண்டவனுமாகிய (ஆறு கனவில்) நான் எழுதிக்கொள்வது.

இங்கே உன் அப்பா, உன் அம்மா, நான், என் முழங்கால் ஆகிய நால்வரில் மூவர் சுகம். முழங்கால் கீழே வரும். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் ஏறுவதும் இறங்குவதுமாகச் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் சொல்லாமல் காகிதம் எதற்கு என்று கேட்பாய். என் போன் வியாழக்கிழமை முதல் கடலுக்கடியில் இருக்கிறது. நீ கூப்பிட்டு யாராவது எடுத்தால் அது நண்டாக இருக்கும். மரியாதையாகப் பேசு.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நம் படகில் இப்போது உன் பெயர் இல்லை. அழாதே. அழுதாலும் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழு, ஏனென்றால் இந்த அநியாயத்தைத் தனி ஒருவனாக நின்று முறியடித்த மாவீரன் யார் என்பது கடைசியில்தான் வருகிறது.

அந்தப் பெயர் வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் சொன்னால்தான் அது கதை. உனக்கு மூன்று வயது. உன்னைப் படகில் ஏற்றி ஒரு சுற்றுப் போனோம். முன்பக்கத்தில் நின்று நீ ஆரம்பித்த பேச்சு, திரும்பி வந்து கயிறு கட்டும்வரை முடியவில்லை. அன்று வலையில் விழுந்ததெல்லாம் உன் கதையின் முடிவைக் கேட்கக் கூடவே வந்த மீன்கள் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். சாயங்காலமே உன் அப்பா பிரஷை எடுத்து, படகின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘வாயாடி’ என்று எழுதினார். அதற்குப் பிறகு நம் படகு ஒருநாளாவது வெறும் கையோடு திரும்பியதுண்டா? உண்டு, பல நாள். ஆனால் அதையெல்லாம் கடிதத்தில் எழுதக் கூடாது.

எட்டு மாதம் முன்பு நீ பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, உன் அப்பா துறையில் எல்லோர் முன்னாலும் “இனிமே அந்தப் பேரு என் படகுல இருக்காது” என்று சொன்னார். சொன்னவர் எடுத்தாரா என்றால் இல்லை. ஒருநாள் காற்று சரியில்லை என்றார், ஒருநாள் பிரஷ் மயிர் கொட்டிவிட்டது என்றார், ஒருநாள் ஈரம் என்றார். கடலில் இருக்கும் படகு ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் வேலை வேண்டும். ஆனால் இந்த மாதம் அடிப்பாகம் பூசுவதற்காகப் படகைக் கரையேற்றினோம். ஒரு மாடி உயரத்துக்கு அது நிமிர்ந்து நிற்கிறது, போகிறவர் வருகிறவர் கண்ணிலெல்லாம் உன் பெயர் விழுகிறது. ஐஸ் கம்பெனி அக்கா வந்து நின்று, இடுப்பில் கைவைத்து, “பேரு எப்ப போகுது? சொன்னது சொன்னதுதானே?” என்று கேட்டுவிட்டார். பத்துப் பேர் இருக்கும்போது கேட்டால் மனிதர் என்ன செய்வார்? “வியாழக்கிழமை” என்று சொல்லிவிட்டார்.

ஐஸ் கம்பெனி அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். ஐஸ் உடைப்பது அவருக்கு உபதொழில்தான், படகு சாஸ்திரம்தான் முழுநேர வேலை. எந்தப் படகு எந்தக் காலை முதலில் தண்ணீரில் வைத்தது என்பதுவரை சொல்வார். படகுக்குக் கால் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் சொன்ன விதிகளைக் கேள். கடல் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லித்தான் அடையாளம் வைத்திருக்கிறதாம், அதனால் பழைய பெயர் படகில் எந்தச் சாமானிலும் மிச்சம் இருக்கக் கூடாதாம், ஒன்றே ஒன்று தங்கிவிட்டாலும் பெயர் மாறியது செல்லாதாம். எழுதிய கைதான் சுரண்டி எடுக்க வேண்டுமாம், அதை வேறு யாரும் பார்க்கக் கூடாதாம். புதுப் பெயரோடு முதல்முறை துறையை விட்டுப் போகும்போது பின்பக்கமாகவே போக வேண்டுமாம், முகத்தைக் காட்டினால் கடலுக்குத் தெரிந்துவிடுமாம். வெளியே போய்த் திரும்பி வரும்வரை பழைய பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அந்த இடத்திலேயே ஒரு வாளி கடல் தண்ணீர் தலையில். “அதனால ‘வாயாடி’ன்னு யாரும் சொல்லாதீங்க” என்று முடித்தார். விதி விதிதான். முதல் வாளியை அவர் தலையில் கொட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இந்தப் பிறவியில் நான் இவ்வளவு பயபக்தியோடு எதையும் செய்ததில்லை.

புதன்கிழமை முழுக்க உன் அம்மாவும் நானும் சாமான்களில் உன் பெயரைத் தேடினோம். மிதவை, வாளி, ஐஸ் பெட்டி, கயிற்று முனையில் கட்டிய கட்டை, துடுப்பு என்று எண்ணூற்று நாற்பது சாமான் (எண்பத்து நான்கு என்று உன் அம்மா சொல்வாள், அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்). மண்ணெண்ணெய்த் துணியால் அவள் துடைத்தாள், நான் மேற்பார்வை பார்த்தேன். கடைசியில் எஞ்சின் அறையிலிருந்து அந்த அலுமினியக் குவளை கிடைத்தது. ஆறு வயதில் நீ ஆணியை எடுத்து அதன் அடியில் ‘வாயாடி’ என்று கீறினாயே, அதே குவளை. உன் அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள், என் கையில் கொடுத்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். புரிகிறதா மருமகளே? ஒன்றே ஒன்று தங்கினாலும் செல்லாது. அந்த ஒன்றை நான் என் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுவிட்டேன். இரண்டு நாளாக நடந்தால் கணங்கணங் என்று சத்தம். ஐஸ் அக்கா என்ன சத்தம் என்று விசாரித்தார். அஜீரணம் என்றேன்.

வியாழக்கிழமை காலை உன் அப்பா பெயின்ட் டப்பாவோடு வந்தார். தானே வாங்கினாராம், யாரையும் தொட விடவில்லை. படகின் முன்பக்கத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே போனவர் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன் அம்மா துறைக் கல்லில் உட்கார்ந்து, அறுந்திராத வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பாயை விலக்கினார். நீலப் பூச்சின் மேல் வெள்ளையில் புதுப் பெயர்: ‘அமைதி’. வேறு பெயர் கிடைக்கவில்லையா அத்தான் என்றேன். “வீட்ல இருக்கறதைத்தானே எழுத முடியும் மாப்ளே” என்றார்.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். அதற்குள் பழைய பெயரைச் சொல்லி நான் நாலு வாளி வாங்கியிருந்தேன். நாலும் ஐஸ் அக்கா கையால்தான், கடைசி வாளியில் ஐஸும் கிடந்தது. பெரிய கூட்டம், உலகத்தில் பாதி வந்திருந்தது. நான் சுக்கானில் நின்றேன். எஞ்சின் எடுக்கவில்லை. ஒருமுறை, இரண்டுமுறை, ஏழுமுறை சுற்றியாயிற்று, இருமுகிறதே தவிர எடுக்கவில்லை. உன் அப்பா கீழே இறங்கி, எஞ்சின் மூடியைக் கையால் தட்டினார். பள்ளிக்கூட நாட்களில் உன்னை எழுப்புவாரே, அதே மாதிரி இரண்டு தட்டு. தட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“எழுந்திரும்மா வாயாடி, நேரமாச்சு.”

ஐஸ் அக்கா கையில் வாளி நிறையத் தண்ணீர், ஆனால் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு வானத்தில் எதையோ பார்த்தார். நானும் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. உன் அப்பா யாரையும் கேட்காமல் கரைக்கு ஏறிப் போய், அந்த வாளியைத் தானே எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கண்ணை வெகுநேரம் துடைத்தார், உப்புத் தண்ணீர் எரியும்தானே. உன் அம்மா வந்து துண்டை நீட்டி, “துவட்டுங்க, சளி பிடிக்கும்” என்றாள். அந்த நிமிஷம் எஞ்சின் தானாகவே எடுத்துக்கொண்டது. நான்தான் எடுத்தேன் என்றும் சொல்லலாம், ஆனால் தானாக என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

பிறகு பின்பக்கமாகவே போனோம். பின்னால் பார்த்துக்கொண்டு முன்னால் நிற்பதா, முன்னால் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பதா என்று யோசிப்பதற்குள் துறைமுக அலுவலகத்தின் படிக்கட்டு வந்துவிட்டது. படிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்காலும் போனும் அப்போதுதான் என்னைப் பிரிந்தன. முழங்கால் திரும்பி வந்துவிட்டது.

ஆக, நிலவரம் இது. வெளியே ‘அமைதி’, உள்ளே குவளையில் நீ. இந்த ரகசியம் உனக்கும் எனக்கும் குவளைக்கும் மட்டும்தான். என் திட்டம் பழுக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை நீ வராதே, போன் செய்யாதே, உன் அப்பா மனம் கல்லாக இருக்கிறது, நான் உளி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செதுக்க வேண்டும். இதில் எனக்கு இருக்கும் நுட்பம் வேறு யாருக்கும் இல்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். உன் வீட்டுக்காரர் ஏற்றிய லிஃப்டெல்லாம் ஏறட்டும், இறக்கியதெல்லாம் மெதுவாக இறங்கட்டும். நீ நிறையச் சாப்பிட்டு நிறையப் பேசு.

இப்படிக்கு,
முழங்காலும் மூளையுமாக உழைக்கும்
உன் மாமா

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. தபாலில் சேர்க்கும் முன் இன்று கடலுக்குப் போக வேண்டியதாயிற்று. நாலு அலை முகத்தில் அடித்தது, ‘அமைதி’ சுண்ணாம்பாகக் கரைந்து வழிய ஆரம்பித்தது. நீலமும் வழிந்தது. உன் அப்பா வீட்டுக் கூடத்துச் சுவருக்கு அடித்து மிச்சமிருந்த அதே நீலம். முப்பது வருஷம் படகுக்குப் பூசிய மனிதர், சுவருக்கு அடிப்பதைப் படகுக்கு அடித்திருக்கிறார். அதன் அடியில் ‘வாயாடி’, புது எண்ணெய்ப் பெயின்டில், முன்பைவிடப் பளபளவென்று. மூன்று மணி நேரம் அவர் சுரண்டியது பக்கத்தில் கிடந்த பழைய பலகையை. நான் வீரமாகக் குவளையை எடுத்து நீட்டினேன். “அது உன் வயித்துல கணங்கினது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ளே” என்கிறார். திரும்பி வந்தபோது ஐஸ் அக்கா நெற்றியைப் பார்த்தார், போக மறுக்கிற பேரை வற்புறுத்தக் கூடாது, அதுவும் சாஸ்திரம்தான் என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார். இந்த விதி அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரியும் என்பது என் கணக்கு.

கயிறு கட்டும்போது உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை: “அந்த லிஃப்டுக்காரனுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டு எழுது. தெரியாதுன்னா, படகுல ஏத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொல்லு.”