செத்த ராஜா சாப்பிடுகிறார்

போன கிழமை வாள்குத்துப்பட்டுச் செத்த ராஜா, இந்தக் கிழமை டீவியில் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

"அழகம்மா! இங்க வா! செத்தவன் திங்கிறான்!"

அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குசினியிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "ஐயோ, யாருங்க?"

"இந்த ராஜாதான். போன சனிக்கெழமதானே எரிச்சாங்க?"

"பசிச்சிருக்கும்ங்க."

மயில்வாகனம் கண்டி பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலும் புத்தகத்தில் பதிந்துவிடுவார். பென்சனுக்குப் பிறகு பஸ் இல்லை. ஆகவே கட்டுகஸ்தோட்டை வீட்டில் ரொட்டிக்கு நேரம் பார்த்தார். "ஏழரைக்கு வர வேண்டிய ரொட்டி ஏழு நாப்பதுக்கு வருது!" அழகம்மா அழாத குறைதான். நல்லவேளையாக இந்த டிராகன் தொடர் வந்து சேர்ந்தது. போன் கடை ஃபாஸில் கிழமைக்குக் கிழமை பென்டிரைவில் ஏற்றித் தருவான்.

ராஜாவுக்கு இரட்டைச் சகோதரன் இருக்கிறான் என்று மயில்வாகனம் ஒரு முடிவு கட்டினார். அடுத்த கிழமை ராஜாவே பிறந்தார், ஒற்றையாக. சரி, மந்திரம்தான் என்று முடிவை மாற்றினார். அதற்கடுத்த கிழமை, முன்பு மீசையோடு வந்த இளவரசன் தொட்டிலில் கிடந்தான். ஊரையே எரித்து முடித்த டிராகன், பிறகுதான் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பழைய கலண்டர்களின் பின்பக்கம் சிவப்புப் பேனாவால் அட்டவணை போட்டார். மொத்தம் நாற்பத்தேழு பிழைகள். ரொட்டி எட்டரைக்கு வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

செய்தி பரவியது. பென்சன்காரர் சங்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச அழைத்தது. வேலையை விட்ட பிறகு அவரை ஒருவர் பேசக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அழகம்மாவின் முகம்தான் வாடிப்போனது. "பேச்செல்லாம் வேணாங்க. தலவலின்னு சொல்லிருங்க."

"ஏன்? ஒவ்வொரு பிழைக்கும் ஆதாரம் வச்சிருக்கேன்."

"நாலு பேரு சிரிச்சா?"

பொறாமைப்படுகிறாள் என்று நினைத்தார், பாவம்.

சனிக்கிழமை காலை கலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு ஃபாஸிலின் கடைக்குப் போனார். "எல்லா எபிசோடையும் மறுபடி ஏத்திக் குடு தம்பி. நாளைக்கு மேடையில போட்டுக் காட்டணும்."

ஃபாஸில் கலண்டரை விரித்துப் பார்த்தான்.

"எத்தின பேருக்கு முன்னால அங்கிள்?"

"நூத்தம்பது பேரு!"

"வேணாம் அங்கிள்."

"ஏன், கதையில பிழை இல்லேங்கிறியா?"

புதிதாக முடி வெட்டி, சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு நின்ற அந்த மனிதரை நூற்றைம்பது பேர் சிரிக்க விட ஃபாஸிலுக்கு மனம் வரவில்லை.

"கதையில ஒரு பிழையும் இல்ல அங்கிள். ஆன்டிதான் கிழமைக்குக் கிழமை போன் கோல் எடுத்து, 'எபிசோட முன்னுக்குப் பின்னா கலைச்சுப் போடு தம்பி, கதை சரியாப் போச்சுன்னா மனுசன் மறுபடி என் குசினிக்குள்ள வந்துருவாரு'ன்டு சென்னாங்க!"