குண்டனி நாட்டு ரோடு

வெள்ளைக்காரர் ஆட்சியில், கொல்லிமலைமேல் குண்டனி நாடு என்ற ஊருக்குச் சர்க்கார் ஒரு ரோடு போட்டு முடித்தது. ரிப்போர்ட் இருந்தது, வரைபடம் இருந்தது, முத்திரையும் இருந்தது. ரோடு மட்டும் இல்லை. அற்பக் குறைதான்.

அவ்வூர்ச் சென்றாயனுக்கு அது அற்பமாகப் படவில்லை. மகள் பொன்னாயி பிள்ளைத்தாச்சி. போன பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவையாவது அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். ரோடே இல்லை, போட்டுத் தரவேண்டுமென்று மனுப் போட்டார்.

விசாரிக்க ஓவர்சியர் வந்தார். எப்படி வந்தார்? டோலியில்தான்! நாலு பேர் தூக்கினார்கள். முன்கொம்பு சென்றாயன் தோளில்.

"ரோடு இருக்குன்னு மேலே முடிவாகிப்போச்சு," என்றார் ஓவர்சியர், திரும்பி இறங்கும்போது டோலியில் குடையை விரித்தபடி. "இல்லேங்கிறியே, அப்புறம் நான் எதுமேல வந்தேன்?"

"எங்க தோளு மேலதானுங்க."

"நீங்க எதுமேல வந்தீங்க?"

"பாறை மேலதானுங்க."

'கல் பாவிய ரோடு' என்று எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க, நடுவால ஓடை போவுதுங்களே!"

"வழிநெடுகத் தண்ணீர் வசதி."

"நேத்து இதே தடத்துல சிறுத்தை போச்சுங்க!"

"போக்குவரத்தும் உண்டு."

சென்றாயன் சட்டென்று நின்றார். டோலியை இறக்கச் சொன்னார். "ரோடுதான் இருக்குதுங்களே. நடந்து போங்க சாமி!"

ஓவர்சியர் பாதி நடந்தார், பாதி உருண்டார். ஒரு பூட்ஸைப் பறிகொடுத்து அடிவாரம் சேர்ந்ததும் எழுதினார்: 'வாகனமின்றியே இறங்க முடிகிற அளவுக்கு ரோடு உத்தமமாயிருக்கிறது. உள்ளூர்ச் சாட்சி ஒன்றுதான் தேவை.'

அடுத்த மாதம் பொன்னாயிக்கு வலி கண்டது. அதே டோலி, அதே ஆட்கள். பாதி இறக்கத்தில், அதே பாறைமேல் குழந்தை வீறிட்டது. ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். சென்றாயன் அழுதே விட்டார்.

சேந்தமங்கலத்தில் பிறப்பைப் பதிகிற குமாஸ்தா கேட்டார்: "எங்கே பொறந்தது? வீடா, ஆஸ்பத்திரியா, ரோடா? பாரத்துல மூணு கட்டம்தான் இருக்கு."

"ஊட்டுலயும் இல்லீங்க, ஆஸ்பத்திரியிலயும் இல்லீங்க." பேரன் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கு யாரோடும் மல்லுக்கட்ட மனசில்லை. "ரோடுன்னே போட்டுக்குங்க சாமி!"

மையைத் தொட்டுப் பெருவிரலை ஒற்றினார்.

அடுத்த வாரமே மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. சர்க்காரில் இத்தனை வேகத்தை மலை அதுவரை கண்டதில்லை. குமாஸ்தாவே படித்துக் காட்டினார்:

'மனுதாரரின் பேரன் மேற்படி ரோட்டில் பிறந்திருப்பதால், மேற்படி ரோடு இல்லை என்னும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. சாட்சி: மனுதாரர் சென்றாயன் கைநாட்டு.'