எழுபத்தெட்டு சதவீதம்

வெளியூரில் ஐந்து கோல் வாங்கித் தோற்று நாற்பத்தொரு மணி நேரம் ஆகியும் பயிற்சியாளருக்குக் காரணம் கிடைக்கவில்லை. மாலைக்குள் ஒருவனைக் கைகாட்ட வேண்டும். அவனை அணியிலிருந்து தூக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கைகாட்டாவிட்டால் தூக்கப்படுவது பயிற்சியாளர்.

அதற்குத்தான் புள்ளிவிவர நிபுணர். மூன்று பட்டம், இரண்டு மடிக்கணினி. மைதானத்தை எட்டிப் பார்த்தவரில்லை. வீடியோவை வைத்து எண்ணுவதோடு சரி. பையன்கள் அவரைச் சதவீதம் என்பார்கள்.

"பந்து எழுபத்தெட்டு சதவீதம் நம்மகிட்டதான் இருந்திருக்கு," என்றார் சதவீதம்.

"நம்மகிட்டயா? நான் பார்த்தப்போ நம்ம கால்ல பந்தே படலியே!"

"நீங்க கண்ணால பார்த்தீங்க. நான் கணக்குல பார்த்தேன்."

சதவீதத்தின் அகராதியில் கண் என்பது விவரம் தெரியாதவர்களின் கருவி.

"அப்போ அஞ்சு கோல்?"

"கோல் தற்செயல். அந்தக் காட்சியையெல்லாம் வெட்டிட்டுத்தான் எண்ணினேன். நாமதான் ஜெயிச்சிருக்கோம்."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பயிற்சியாளர் குளிர்ந்துபோய், வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டார். "எல்லாரும் பிரமாதமா ஆடியிருக்கானுங்க!"

"அப்போ கோளாறு உன்கிட்டதான்," என்று வைத்துவிட்டார் முதலாளி.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "யோவ், ஒருத்தனாவது மோசமா ஆடியிருக்கக் கூடாதா?"

"இருக்கான். கோல்கீப்பர். தொண்ணூறு நிமிஷத்துல ஒரு பந்தைக்கூடத் தடுக்கல."

கோல்கீப்பர் வந்தான். இரண்டு கையிலும் கட்டு. "பதினேழு பந்து தடுத்தேன் சார்! சாப்பாடே அக்காதான் ஊட்டிவிடுறா."

"அக்காவெல்லாம் கணக்குல வரமாட்டாங்க தம்பி," என்றார் சதவீதம்.

பயிற்சியாளருக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிடுங்க."

எண்ணினார். நிலைமை இன்னும் மோசமானது.

"கம்பத்துல சாஞ்சு நின்னு பன்னிரண்டு கொட்டாவி விட்டிருக்கான்."

"அடப்பாவி! டீம் மூழ்கிட்டிருக்கு, உனக்குத் தூக்கமா?" பயிற்சியாளர் போனை எடுத்து முதலாளியின் எண்ணைத் தேடினார்.

"சார், அந்தக் கொட்டாவியை நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"பார்த்தா உனக்குப் புரியாது," என்று சொல்லிக்கொண்டே சதவீதம் திரையைத் திருப்பினார். பயிற்சியாளரும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தார். நீலச் சட்டை அணியின் பதினோரு பேரைச் சுற்றியும் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, அழகாக எண் கொடுத்திருந்தது.

கோல்கீப்பர் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"கொட்டாவி விடுறது அவங்க கோல்கீப்பர் சார், அவங்க ஊர்ல அவங்கதான் நீலம், நாம அன்னிக்கு மஞ்சள்ல ஆடினோம்."