லத்தீன் குமாஸ்தா எழுத மறுத்த பத்திரம்

காரைக்குடியில் எங்கள் தெரு லத்தீன் குமாஸ்தா தலையிட்டு உருப்பட்ட காரியம் ஒன்றுகூடக் கிடையாது. தேவகோட்டைக் கோர்ட்டில் ஒரு வக்கீலின் புத்தக மூட்டையை இருபது வருஷம் சுமந்தவர். சட்டம் எவ்வளவு ஒட்டியதோ தெரியாது. அதிலிருந்த லத்தீன் நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை சந்தையில் சொத்தைக் கத்திரிக்காய் வாங்கி வந்தார். திருப்பிக் கொடுக்கச் சொன்னாள் மனைவி.

“கேவியட் எம்ப்டார். வாங்குறவன்தான் பாத்து வாங்கணும். கடைக்காரன் மேல குத்தமில்ல.”

“அப்ப ஒங்க மேலதான் குத்தம்.”

“அதைத்தான் சட்டமும் சொல்லுது.”

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, புழுவை விலக்கி விலக்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வீட்டு ஆடு அவர் வேட்டியில் பாதியைத் தின்றபோது, அற்ப விஷயங்களைச் சட்டம் கவனிக்காது என்று லத்தீனில் சொல்லிவிட்டு, மீதிப் பாதியைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். “தெருவே கவனிக்குது, உள்ள வாங்க” என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

அப்படிப்பட்டவரைத்தான் என் மாமனார் சுவீகாரப் பத்திரம் எழுதக் கூப்பிட்டனுப்பினார். நெற்குப்பை ஊரில் பிள்ளையில்லாத பங்காளி வீட்டுக்கு என் இரண்டாவது மகனைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அவனுக்கு ஒன்றரை வயது. என் கணவர் ரங்கூனில் இருந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

குமாஸ்தா பாதி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “நெமோ டாட் க்வாட் நான் ஹேபட்.”

“தமிழ்ல சொல்லும்” என்றார் மாமனார்.

“தன்னுது இல்லாததை யாரும் குடுக்க முடியாது. பிள்ளையைக் குடுக்கப் பெத்தவுகதான் வேணும். நீங்க பாட்டனார்.”

“பெத்தவ உள்ளதான் நிக்கிறா. ஏத்தா, ஒனக்குச் சம்மதந்தானே?”

நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்கள் முடிவு செய்ததை மறுக்கலாமா? மறுத்தால் ரங்கூனில் இருப்பவருக்குத் தலைகுனிவாகுமா? அங்கே ஒற்றைப் பிள்ளையாக, செல்லமாக வளரப்போகிறவனைத் தடுப்பது என் சுயநலமோ?

குமாஸ்தா கதவருகே வந்துவிட்டார். “ஆச்சி, ஒரு வார்த்தை சொல்லிருங்க. பேசாம இருந்தாச் சம்மதம்னும் லத்தீன்ல இருக்கு. அது ரொம்பப் பொல்லாத லத்தீன்.”

நான் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“அப்புறம் என்ன, எழுதும்” என்றார் மாமனார்.

“சட்டம் எழுதச் சொல்லுது. என் கைதான் மாட்டேங்குது” என்று, கழற்றி மாட்டியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு குமாஸ்தா போய்விட்டார். அன்றோடு எங்கள் வீட்டு வேலை அவருக்கு நின்றது. பத்திரத்தை வேறொருவர் எழுதினார். ரங்கூனிலிருந்து கணவர் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதமும் ‘அப்பச்சி இஷ்டம்’ என்றே வந்தது.

பிள்ளை போய் ஏழு மாதமாகிறது. கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் அடிக்கடி போய்ப் பார்ப்பது மரியாதையில்லையாம். அன்று பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன்; இன்று வரும் பதில் நாளைக்கு நிற்பதில்லை.

குமாஸ்தா மட்டும் மாதம் ஒருமுறை பின்வாசலில் வந்து நின்று இருமுவார். “நெற்குப்பையில கேஸு விஷயமா ஒரு கட்சிக்காரரைப் பாக்கப் போனேன் ஆச்சி. பயலுக்குக் கடைவாய்ப் பல்லு வந்திருக்கு. தூக்குனா தோளைக் கடிக்கிறான்.” மறுமாதம், “என்னா ஓட்டம் ஓடுறான். பிடிக்க ரெண்டு ஆளு வேணும்.”

நெற்குப்பையில் அவருக்குக் கட்சிக்காரர் யாரும் கிடையாது.