ஆடிட்டர் வண்டிக்கு எல்.இ.டி.

ஆடிட்டர் பொத்தானைத் தள்ளியதும் பைக்கில் புதிதாக மாட்டிய இடது இண்டிகேட்டர் பைத்தியம் பிடித்ததுபோல் படபடவென்று மினுக்கியது. வலதிலும் அதே அவசரம். பழைய விளக்குகள் நிதானமாகத்தான் மினுக்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் காலையிலேயே குப்பை வண்டியில் போட்டாகிவிட்டது.

விடிந்தால் அலுவலக நண்பர்கள் பைக்கில் மலைப்பயணம் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் போய் வழிகாட்டப்போவது ஆடிட்டர். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரார் காதில் ரத்தம் வரவழைத்திருந்தார். போகவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற மனைவிகூட நேற்று மனம் மாறி, எல்.இ.டி. இண்டிகேட்டரும் பின்விளக்கும் தானே வாங்கி வந்து கொடுத்துவிட்டாள். எல்லாம் தன் பேச்சுத் திறமை என்று ஆடிட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பேசாம மெக்கானிக்கைக் கூப்பிட்டுடவா?"

"இதுக்குப் போயா? ஊர்க் கணக்கையெல்லாம் பிரிச்சு மேயறவரு, நாலு வயருக்காக இன்னொருத்தன்கிட்ட போய் நிப்பீங்களா?" என்றாள் மனைவி.

அதற்கப்புறம் கூப்பிட முடியுமா? போனில் வீடியோ பார்த்து, மினுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிலேயை மாற்றினார். வேகம் அடங்கியது. ஆனால் இடது பக்கம் போட்டால் நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கின.

மனைவி டீயோடு வந்து பார்த்தாள். "இப்ப நீங்க எந்தப் பக்கம் திரும்புறதா அர்த்தம்?"

"பொதுவா ஜாக்கிரதையா இருங்கன்னு அர்த்தம்."

மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்புதான் வில்லன் என்றது அடுத்த வீடியோ. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மீட்டரைப் பிடுங்கினார். கூடவே ஒரு கொத்து வயரும் வந்தது. பச்சையில் இரண்டு இருந்தன. பச்சைக்குப் பச்சை என்று முறுக்கிவிட்டு பிரேக்கை மிதித்தார். ஹாரன் அலறியது. காலை எடுத்தால்தான் நின்றது.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், தெருவே காலியாத்தான் இருக்கு. தாராளமா போங்க!"

ஆடிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லா வயரையும் பிரித்து மறுபடி முறுக்கினார். ஃபியூஸ் போனது. அதன் இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் செருகிச் சாவியைத் திருப்பினார்.

"என்னங்க, சீட்டுக்கு அடியில புகை வருது?"

"புது சாமான். முதல்ல அப்படித்தான் வரும்."

அடுத்து நெருப்பு வந்தது. மனைவி ஒரு வாளி மண்ணைக் கொண்டுவந்து கொட்டி அணைத்தாள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று ஆடிட்டர் உருகிப்போனார்.

கருகிய வயர்க் கொத்தைத் தூக்கிக்கொண்டு, மனைவி விளக்கு வாங்கிய உதிரிபாகக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்த வயரிங்கும் போச்சு சார். புதுசு வர ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் வண்டி அசையாது."

"நாளைக்கு நான் இல்லாம அவங்க எப்படிப் போவாங்க!" ஆடிட்டர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடைக்காரர் மேல் பாய்ந்தார். "இவ்வளவு சிக்கலான சாமான்னு விக்கும்போதே என் வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"சொன்னேனே சார்! ஆள் அனுப்பி மாட்டித் தர்றேன்னுகூடச் சொன்னேன். அம்மாதான், 'இந்த இடுப்போட பைக்கைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாரு, அதனால அவரே மாட்டட்டும்'னுட்டாங்க."