அறுபது நன்றி அட்டைகளும் உங்கள் கறுப்புக் கோட்டும்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம், ஒரு வலது மணிக்கட்டு நீங்கலாக. அங்கே நீங்களும் உங்கள் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். முறைப்படி விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அக்கா உங்களிடம் போனில், "உங்க மச்சினன் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்" என்று சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சிக்னல் ஐந்து நிமிடம் நின்றால் பெரிது, அதில் நாலரை நிமிடம் அக்காவுடையது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசவும் வராது, ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாழ்த்து அட்டை வேலையிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். அதை அக்காவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இருக்கிற நல்ல கையாலேயே அடிப்பாள்.

நடந்தது இது. ரப்பர் பலகையில் கத்தியால் படம் செதுக்கி, மை தொட்டு, கெட்டி அட்டையில் குத்தி, தெரிந்தவர்களுக்கெல்லாம் இரண்டு வருடமாக அக்கா வாழ்த்து அட்டை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாளே, அதைப் பார்த்துவிட்டுத் தெருமுனைப் புத்தகக் கடை அம்மா, "அறுபது நன்றி அட்டை செஞ்சு குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். பிடிச்சிருந்தா வாசல் பக்கத்துல இருக்கிற ஸ்டாண்டு இனிமே உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது அட்டை சொருகுகிற ஒரு கம்பிச் சட்டம், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படி இல்லை. "இத்தனை நாளா எல்லாரும் இதைப் பொழுதுபோக்குன்னாங்கடா. அந்த ஸ்டாண்டு வந்துட்டா இது தொழில்" என்றாள். சொன்ன மறுநாள், திங்கட்கிழமை, அலமாரி உச்சியில் இருந்த பச்சை மையை எடுக்க முக்காலியில் ஏறி, முக்காலி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். பச்சை மைக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நிமிடத்துக்கு இருநூறு பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன். ஒரு கிளை, மூன்று இலை, ஒரு குருவி, கீழே 'நன்றி' என்று எழுத்து, ஆக ஓர் அட்டைக்கு நாலே நாலு ஸ்டாம்ப். இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "மூணு மணி நேர வேலை. வியாழக்கிழமை எனக்கு லீவு, முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வழிகாட்டினாள். அத்தான், அவளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள்? அவள் வாயில் ஓர் எண்கூட வராது.

"மை எவ்வளவு தொடணும்?"

"கொஞ்சமா."

"கொஞ்சம்னா?"

"ரொம்ப இல்லாம."

"சரி, எவ்வளவு அழுத்தணும்?"

"பதமா."

"பதம்னா எத்தனை கிலோ?"

"உன் தலை எத்தனை கிலோ இருக்கும்? அத்தனை கிலோ."

இது வேலைக்காகாது என்று சமையலறைத் தராசைக் கொண்டுவந்தேன். அதன்மேல் அட்டையை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்ததில் பதம் என்பது இரண்டு கிலோ முந்நூறு கிராம் என்று கண்டுபிடித்தேன். பிறகு மரச்சட்டத்தில் ஒரு ஜிக் செய்தேன். அதாவது, அட்டையையும் ஸ்டாம்பையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டம். கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் அறுபது அட்டையும் முடிந்தன. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், எந்தக் குருவியும் அரை மில்லிமீட்டர்கூட நகரவில்லை. பெருமை தாங்காமல் அறுபதையும் அடுக்கி, ஓரத்தைப் பிடித்து விர்ரென்று புரட்டி அக்காவுக்குக் காட்டினேன். குருவி அசையவே இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாதான்டா இருக்கு" என்றாள். "பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கு."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு குருவியும் ஒரே குருவியாகத் தெரிந்தது.

"தம்பி, இது பிரஸ்ல அடிச்சதுதானே?"

"இல்ல மேடம். கையால செஞ்சது."

"எந்தக் கையால?"

"இதோ, இந்தக் கையால."

"அதுல ஒரு பொட்டு மைகூட இல்லையே."

"கையுறை போட்டிருந்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்லாவில் கைவிட்டவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "தப்பே இல்லாம இருக்கறது ஒரு தப்பா மேடம்? எங்க ஃபேக்டரியில இதுக்குக் கைதட்டுவாங்க" என்றேன். "அப்ப ஃபேக்டரியிலயே வித்துக்குங்க. கையால செஞ்சதுன்னு போர்டு போட்டுட்டு இதை வச்சேன்னா வர்றவங்க என்னைத்தான் கேப்பாங்க. உங்கக்காவ நான் நல்ல மாதிரின்னு நெனச்சேன்" என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான், "உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றும் சொல்லிவைத்தேன். கடைசியில், கை உடைந்து கிடக்கும் அக்காவின் முகத்துக்காக, திங்கட்கிழமை கடை திறப்பதற்குள் வேறு அறுபது கொண்டுவரச் சொன்னார். இல்லையென்றால் ஸ்டாண்டு மெழுகுவத்தி செய்கிற ஒருவருக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா அட்டை போனதற்குக்கூட அழவில்லை, "என்னை ஏமாத்துக்காரின்னு நெனச்சுட்டாங்களேடா" என்றுதான் அழுதாள். அதன்பிறகுதான் உங்களுக்குப் போன் போட்டு மண்ணள்ளிப் போட்ட கதையைச் சொன்னாள்.

சரி, பிழைதானே வேண்டும், செய்து தருகிறேன் என்று சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். பிழையையும் முறையாகத்தான் செய்ய வேண்டும். இரண்டு பகடை எடுத்தேன். ஒன்று, குருவி எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதற்கு. மற்றது, எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு. பகடை விழுந்ததை அட்டவணையில் குறித்துக்கொண்டு அதன்படி குத்தினேன். இரண்டிலும் ஆறு விழுந்தால் குருவி கிளையைவிட்டுக் கீழே, முப்பது பாகை சாய்ந்து, அந்தரத்தில் நின்றது. அக்கா அதை எடுத்துப் பார்த்து, "இது குருவியா, பஸ்ஸைத் தவறவிட்டுட்டு ஓடற ஆளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், கை வலிக்கிறது என்று கத்திக்கொண்டே சிரித்தாள். அதுவரை பகடை போட்டுக் குத்தியிருந்த முப்பத்தைந்து அட்டையும் குப்பைக்குப் போயின. ஆனாலும் அவள் சிரித்ததால் வீட்டில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்த பத்தியை நீங்கள் உட்கார்ந்து படிப்பது நல்லது. குருவியின் இறகு நுனியில் பொன்னிறப் பொடி தூவிச் சூடு காட்டினால் அது உருகிப் புடைத்து நிற்கும், தொட்டால் தட்டுப்படும், கையால் செய்தது என்று குருடனுக்கும் தெரியும் என்று எனக்கு ஒரு யோசனை. அக்காவிடம் இருக்கும், சூடான காற்றை ஊதுகிற சின்ன ஹீட் கன் ஓர் அட்டைக்கு நாற்பது வினாடி எடுக்கிறது. அவ்வளவு நேரம் யார் நிற்பது? ஃபேக்டரியில் கேபிள் வேலைக்கு வைத்திருக்கும் ஹீட் கன்னைக் கேட்டு வாங்கிவந்தேன். அதன் சூடு ஐந்நூறு டிகிரி, காற்று அதைவிட வேகம். சுவிட்சைத் தட்டினதும் அட்டை சருகு மாதிரி சுருண்டது. பொடி அட்டையில் இருந்தால்தானே உருகும்? டப்பாவோடு கிளம்பி, அறையைக் குறுக்கே கடந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த உங்கள் கறுப்புக் கோட்டில் போய் உட்கார்ந்தது. பதறிப்போய்ப் பொடியை ஊதிவிடலாம் என்று திரும்பினவன் கையில் ஹீட் கன் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது அது துணியோடு துணியாகப் புடைத்து நிற்கிறது. கோட்டுக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. மேடையேறிப் பாடுகிறவர்கள் இப்படித்தான் போடுகிறார்கள் என்று சலவைக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் வெற்று அட்டை அறுபத்திரண்டுதான் மிச்சம். கடையெல்லாம் மூடியிருந்தது. அக்கா ஜிக்கை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், தராசைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பினாள், வியாழக்கிழமை நான் செய்த அட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"நன்றின்னு."

"யாருக்குன்னு நெனச்சுக் குத்தினே?"

"யாருக்கும் இல்ல. அட்டைக்கு."

"அதான் அது அட்டையாவே இருக்கு. ஒவ்வொண்ணையும் யாருக்காவது அனுப்பப் போறதா நெனச்சுக் குத்துடா."

"எனக்குத் தெரிஞ்சவங்களே பதினோரு பேருதான்."

"அவ்வளவு பேரா உன்கூடப் பேசறாங்க?"

எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை. ஒரு தாளில் ஒன்று முதல் அறுபது வரை எண் போட்டுப் பெயர் எழுதினேன். முதலாவது, தப்பான பல்லில் குறடைப் போட்டுவிட்டுக் கடைசி நொடியில் சந்தேகப்பட்ட பல் டாக்டர். இரண்டாவது, நான் தாமதமாக வரும் நாட்களில் கடிகாரத்தைப் பார்க்காத வாட்ச்மேன். ஏழாவது, மூன்று வருடமாகப் பதவி உயர்வு தராமல் எனக்குப் பொறுமை கற்றுத்தந்த மேனேஜர். அந்த அட்டையைக் குத்தியபோது மேசையே ஆடியது, கிளை அடிமரம் மாதிரி பருத்துவிட்டது. நீங்கள் இருபத்துமூன்றாவது. உங்கள் குருவி கொஞ்சம் குனிந்து விழுந்தது, தவறாக நினைக்க வேண்டாம். முப்பதோடு எனக்குச் சரக்குத் தீர்ந்தது. அக்காதான் எடுத்துக்கொடுத்தாள்.

"ஆறாவதுல உனக்குக் கணக்கு எடுத்தாங்களே, அந்த டீச்சர்?"

"என்னை வருஷம் பூரா வெளியதான் நிக்க வச்சாங்க."

"வெளிய நின்னுதானே பக்கத்து கிளாஸ்ல நடத்துன சயின்ஸைக் கத்துக்கிட்ட? குத்து."

இப்படியே போனது. ஐம்பத்தெட்டாவது அட்டை, நான் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, கையை விட்ட பிறகும் விட்டதைச் சொல்லாமல் கூடவே ஓடிய ஓர் ஆளுக்கு. அந்த ஆள் எதிரே மாவுக்கட்டோடு உட்கார்ந்து, "என்னடா யோசிக்கறே, மை காயுது" என்று அதட்டிக்கொண்டிருந்ததால் பெயரை எழுதவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஏன் இவ்வளவு கோவமா இருக்கு?" என்றார். "அது மேனேஜர், மேடம்" என்றேன். என்ன புரிந்ததோ, தலையாட்டினார். அறுபதும் பார்த்து முடித்து, "இது கை" என்றார். என் கையையும் பார்த்தார், ஐந்து விரலும் ஐந்து நிறத்தில் இருந்தன. பின்பக்கத்தில் 'கையால் செய்தது' என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இஞ்சினியரிங் டிராயிங்கில் எழுதிப் பழகிய கையெழுத்து ஆயிற்றே, பத்து அட்டை ஆனதும் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் அச்சடிச்சுட்டீங்களா?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். மீதி ஐம்பதிலும் அவரே எழுதினார். நான் வெள்ளிக்கிழமை பேசியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஸ்டாண்டைப் பற்றி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நாலு பேரு வாங்கறாங்களான்னு பாக்கணும். புதன்கிழமை சொல்றேன்" என்றார். அக்கா நேற்றிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் என்ன சொன்னாலும் சரி, என் பங்கு முடிந்தது. நான்கு நாளில் நூறு அட்டையை வீணாக்கி, ஒரு கோட்டைக் கெடுத்து, அறுபது பேரை நினைத்து உருகி, எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. இதெல்லாம் என் போன்றவன் செய்கிற வேலை இல்லை. நீங்கள் அங்கிருந்தே விசாரித்து அக்காவுக்கு ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி அனுப்புங்கள். பிழையும் அதுவே செய்கிற மாதிரி நான் மாற்றித் தருகிறேன். ஸ்டாம்பையோ மையையோ இனி இந்தக் கையால் தொடுவதில்லை. இது உறுதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அங்கே உங்களைவிடப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. சிறியவர்கள் யாரும் இல்லையென்றால் பெரியவர்களே அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சினன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில், இன்று புதன்கிழமை காலை, கடைக்கார அம்மா போன் செய்தார். இரண்டு நாளில் நாற்பத்தொரு அட்டை போய்விட்டதாம். முதலில் விற்றது ஏழாவது. வாங்கிய மனிதர் அதே மாதிரி இன்னும் நாலு கேட்கிறாராம், அவருக்கும் மேனேஜர் இருக்க வேண்டும். ஸ்டாண்டு அக்காவுக்குத்தான். மாதக் கடைசிக்குள் நூற்றைம்பது வேண்டுமாம். அக்கா, சுத்தமாக இருந்த மேசையை இடது கையால் இரண்டு முறை துடைத்துவிட்டு, "அட்டை பத்தாதேடா" என்றாள். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இயந்திரம் வேண்டாம், நான் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அங்கே நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருப்பார்களே, அவர்கள் பெயரையும் என்ன செய்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வரியும் உடனே எழுதி அனுப்பவும். நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எரிச்சல்படுத்துகிறவர்கள் என்றால் மை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. என் அறுபது பேர் போக, குறைந்தது தொண்ணூறு பேராவது வேண்டும்.